போடலாமா, அங்கிள்?

“போட மாட்டேன்னு நான் சொல்லலக்கா. போட்டே ஆகணும்னு சொல்லாதீங்க. அவ்வளவுதான்.”

மிஷெல் இதைச் சொல்லிவிட்டு மைலோ டின்னை மூடி அலமாரியில் வைத்தாள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது டோரிஸ் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். சீனி தீர்ந்துவிட்டது என்பதுபோல அல்லவா சொன்னாள்.

“போன வருஷம் போட்டியே!”

“போட்டேன்.”

“அதுக்கு முந்தின வருஷமும் போட்டே. நான்தான் குத்தினேன்.”

“ஆமா. வலிக்கவே இல்ல. உங்க கை நல்ல கைக்கா.”

“அப்புறம் இந்த வருஷம் மட்டும் என்ன வந்துச்சு?”

மிஷெல் கோப்பையைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். “இந்த வருஷம் யாரும் என்னைக் கேக்கல” என்றாள்.

கிள்ளானில் கடைவீட்டு வரிசை ஒன்றின் முதல் மாடியில் இருந்தது அந்த டயாலிசிஸ் நிலையம். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு மூன்று முறை வருவார்கள். சாய்வு நாற்காலியில் நாலு மணி நேரம் படுத்து, மெஷினில் ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். டோரிஸ் அங்கே பொறுப்புத் தாதி. மிஷெல் அவளுக்குக் கீழே வேலை செய்பவள். வேலைக்குச் சேர்த்துவிட்டதே டோரிஸ்தான். இருவருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸில் வீடு, ஒரே சர்ச், பாடகர் குழுவில் ஒரே பெஞ்சு. காலையில் கொமுட்டர் ரயிலில் ஒன்றாக ஏறி, ஆளுக்குப் பாதியாகக் காயா ஜாம் தடவிய ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே கிள்ளான் வந்து சேர்வார்கள்.

ஊசி விவகாரம் பவுனம்மாளிடமிருந்து தொடங்கியது. ஐந்தாம் நாற்காலிக்காரி. போன மழைக்காலத்தில் அவளுக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டி, பெரிய ஆஸ்பத்திரியில் வாயில் குழாய் மாட்டிக் கிடந்தாள். பிழைத்துத் திரும்பியபோது கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. யாரிடமிருந்து தொற்றியது என்று யாருக்கும் தெரியவில்லை. பேரப்பிள்ளைகளாக இருக்கலாம். பாசாரில் மீன் விற்பவனாக இருக்கலாம். இங்கே இருக்கிற தாதிகளில் ஒருத்தியாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதை மட்டும் எல்லாரும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்.

அதன் பிறகுதான் மேனேஜர் பிரவின் சுபாங் ஜெயாவிலிருக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவோடு வந்தார். ஊழியர்கள் எல்லாரும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். போடாதவர்கள் நோயாளிகள் பக்கம் போகக்கூடாது. கொஞ்ச நாள் வெளியே கவுண்டரில் உட்காரலாம். அதற்குப் பிறகும் போடாவிட்டால் செமினியில் இருக்கும் ஸ்டோருக்கு மாற்றம்.

“சேஃப்டி மேட்டர் சிஸ்டர், இதுல டிஸ்கஷன் கிடையாது” என்றார் பிரவின். பிறகு அவருக்கே அது கொஞ்சம் கடுமையாகப் பட்டிருக்க வேண்டும். “யாருக்காவது நியாயமான காரணம் இருந்தா சொல்லுங்க. ஒங்களுக்குத்தான் ஸ்டாஃப்பைத் தெரியும். நீங்க சொன்னா சரி.”

டோரிஸ் அன்றைக்கே சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் ஆளாக நின்றாள். அவளுக்கு இதில் சந்தேகமே இல்லை. பவுனம்மாளின் கன்னத்தைப் பார்த்த பிறகு என்ன சந்தேகம்? மற்றவர்களும் வரிசையாகப் போட்டுக்கொண்டார்கள். கோவிட் காலத்தில் தடுப்பூசிக்கு யாரும் கூப்பிடும் முன்பே ஓடிப்போய் நின்ற மிஷெல்தான் இந்த முறை வரிசைக்கு வரவில்லை.

அவளுக்கு அலர்ஜி கிடையாது. வயிற்றில் பிள்ளை கிடையாது. கண்ட கண்ட வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பயப்படுகிற ஆளும் கிடையாது. ஒரு காரணம் கொடு, எழுதி அனுப்புகிறேன் என்று டோரிஸ் கேட்டுப் பார்த்தாள். “பொய்யாச் சொல்லட்டுமா?” என்று மிஷெல் திருப்பிக் கேட்டாள். ஆமாம் என்று சொல்ல டோரிஸுக்கு வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லவும் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மிஷெல் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கவுண்டரில் போய் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் கோபாலனின் கை ஞாபகத்துக்கு வந்தது. ஞாபகத்துக்கு வந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்தே யாரும் யோசிக்கவில்லை.

கோபாலன் மேருவில் தொழிற்சாலைகளுக்கு லோரி ஓட்டியவர். நான்காம் நாற்காலி. அவர் இடது கையில் மிஷெல் ‘ஒரே துளை’ முறையில் ஊசி போட்டு வந்தாள். ஒவ்வொரு முறையும் புது இடத்தில் குத்தாமல், அதே துளையில், அதே சாய்வில், அதே ஆழத்தில் ஊசியை இறக்குவது. தோலுக்கடியில் நாளடைவில் ஒரு பாதை உண்டாகிவிடும், காதுகுத்திய துளை மாதிரி. பிறகு முனை மழுங்கிய ஊசியே போதும், வலிக்காது. ஆனால் அந்தப் பாதையை ஒரே கைதான் போட வேண்டும். கைக்குக் கை சாய்வு மாறும். மிஷெல் வாரக்கணக்கில் போட்டு உண்டாக்கிய பாதை அது. மற்றவர்களுக்கு அது வெறும் பொட்டு.

இன்னொன்றும் உண்டு. மிஷெல் ஊசியைக் கையில் எடுத்ததும், “போடலாமா, அங்கிள்?” என்று கேட்பாள். கேட்டுவிட்டு நிற்பாள். கோபாலன் மேலே மின்விசிறியைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், “போடு மிஸ்ஸி” என்பார். சில நாள் “இரு லா” என்பார். ஒருநாள் “வேணாம்” என்றே சொல்லிவிட்டார். மிஷெல் சரி என்று வேறு நாற்காலிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி கேட்டாள். நேரம் வீணாகிறது என்று டோரிஸே கடிந்துகொண்டிருக்கிறாள். மற்ற தாதிகள், “அங்கிள், போடலாமா? சாப்பிடலாமா? தூங்கலாமா?” என்று மிஷெலைப்போலவே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள்.

திங்கட்கிழமை கோபாலனுக்கு ஊசி போட டோரிஸ் போனாள். இத்தனை வருட அனுபவம். மேலிருந்த பொருக்கை எடுத்தாள், துடைத்தாள். பக்கத்து மெஷின் அலாரம் கத்தியது. கோபாலன் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டோரிஸ் ஊசியை இறக்கினாள்.

அவர் கை துள்ளியது. ஊசி பாதை தவறி எங்கோ இடித்தது. அவள் கண்ணெதிரே தோலுக்கடியில் ரத்தம் கசிந்து, அவித்த முட்டை ஒன்றை உள்ளே வைத்ததுபோல வீங்கியது.

“சொல்லாம குத்திட்டீங்களே சிஸ்டர்” என்றார் கோபாலன். அவர் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. லோரிக்காரர், வலிக்கு அழுகிற ஆள் இல்லை.

“சாரிண்ணே. சாரி.”

ஐஸ் வைத்து அழுத்திக்கொண்டிருக்கும்போது அவள் நிமிர்ந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மிஷெல் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை கதவின் பிடியில் இருந்தது. பிறகு அந்தக் கை கீழே இறங்கியது.

“மிஸ்ஸிய கூப்பிடுங்க” என்றார் கோபாலன்.

“அவ உள்ள வரக்கூடாதுண்ணே. ஃப்ளூ ஊசி போட்டுக்கல.”

“ஏனாம்?”

“தெரியல.”

“போடச் சொல்லுங்க லா! பிரேக் செக் பண்ண மாட்டேன்னு ஒருத்தன் சொன்னா, அவன்கிட்ட லோரிய குடுப்பாங்களா? நர்ஸுன்னா போடத்தான் வேணும்.”

“அதைத்தான் அவகிட்டயும் சொன்னோம்.”

“சரியாத்தான் சொல்லியிருக்கீங்க.” அவர் வீங்கிய கையைப் பார்த்தார். “அப்ப என் கைய யாரு பாக்கறது?”

ஐந்தாம் நாற்காலியிலிருந்து பவுனம்மாள் தலையைத் தூக்கினாள். “அந்தப் பொண்ணு வரட்டும். மாஸ்க்கு போட்டுக்கிட்டு ஒங்க பக்கமே நின்னு போட்டுட்டுப் போவட்டும். என் பக்கம் வர வேணாம்.”

“ஒங்க பக்கமும் என் பக்கமும் ஒண்ணுதாம்மா. நீங்க இருமினா என் போர்வை ஆடுது.”

“அப்ப நீங்க தள்ளிப் படுங்க.”

“எங்க தள்ளறது? மெஷினு மேலயா?”

பவுனம்மாள் சிரிக்கவில்லை. “இன்னொரு வாட்டி அந்தக் காய்ச்சல் வந்தா நான் திரும்பி வர மாட்டேன், சிஸ்டர். எனக்குத் தெரியும்” என்றாள். சொல்லிவிட்டுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

அன்று மாலை டோரிஸும் மிஷெலும் வேறு வேறு பெட்டிகளில் ஏறினார்கள். யார் முதலில் அப்படிச் செய்தார்கள் என்று டோரிஸுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிளாட்பாரத்தில் ஒரு கூட்டம் நடுவே வந்தது. கூட்டம் விலகியபோது மிஷெல் பெண்கள் பெட்டிப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

கோபாலனின் வீக்கம் வடியும்வரை அவருக்கு வேறு இடத்தில் கூர் ஊசி போட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடிக் கதவைப் பார்த்தார். துளையை ரொம்ப நாள் விட்டுவைத்தால் தூர்ந்துபோகும்.

வீட்டில் கணவர் லெஸ்லி கேட்டார். “நீதான் ஊசி போட்டாச்சே. அவ போட்டா என்ன, போடாட்டி என்ன?”

“எனக்கு இல்லங்க. நோயாளிங்களுக்கு.”

“நோயாளிங்களும் போட்டுக்கிட்டாங்கல்ல?”

“அவங்க உடம்புல அது அரைகுறையாத்தான் பிடிக்கும்.”

“ஓ. அப்ப அவ போடணும்.” லெஸ்லி செய்தித்தாளை மடித்தார். “ஆனா ஒருத்தர் கையப் பிடிச்சு எப்படிப் போடறது? அதுவும் தப்புத்தானே?”

“இப்ப என்னதான் சொல்றீங்க?”

“நான் என்ன சொல்றது? நீதான் சிஸ்டர்.”

டோரிஸ் படுக்கையில் புரண்டாள். தனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று யோசித்தாள். பவுனம்மாளுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் அந்த உண்மைக்குக் கீழே இன்னொன்று கிடந்தது. அதைத் தொட்டபோது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. நான் சொன்னால் மிஷெல் கேட்பாள் என்று நினைத்திருந்தாள். பிரவின் சொல்லி அவள் மறுத்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. அப்படியானால் இது ஊசி பற்றிய கோபம்தானா? அதுவும் சரியாகப் படவில்லை. ஊசியும் இருந்தது, பவுனம்மாளும் இருந்தாள், தன் பேச்சு எடுபடாமல் போனதும் இருந்தது. சிக்கு விழுந்த தலைமுடிபோல ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வந்தது.

இன்னொன்றும் உறுத்தியது. இன்றைக்கு ஊசி போட்டால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் ஆகும். பிரவினின் விதிக்கு அது தெரியாது. மிஷெல் இன்று போட்டுக்கொண்டால் இன்றே உள்ளே போகலாம். போடும் முன் இருக்கிற மிஷெலும் போட்ட மறுநாள் இருக்கிற மிஷெலும் காய்ச்சலைப் பொறுத்தவரை ஒரே ஆள்தான். பணிந்தவள் என்பது மட்டும்தான் வித்தியாசம். ஆனால் இரண்டு வாரம் கழித்து வித்தியாசம் உண்டே? உண்டு. நிச்சயமாக உண்டு. டோரிஸ் தலையணையைத் திருப்பிப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இருவரும் ஒரே பெஞ்சில் நின்று பாடினார்கள். பாட்டுப் புத்தகத்தை இருவரும் சேர்ந்து பிடித்திருந்தார்கள். மிஷெல் தாளைப் புரட்டும் முன் எப்போதும்போல ஒரு கணம் டோரிஸைப் பார்த்தாள், படித்துவிட்டாயா என்று. இதை இத்தனை வருடமாகச் செய்துவருகிறாள். டோரிஸ் இன்றைக்குத்தான் கவனித்தாள். எரிச்சலாகவும் வந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் காலையில் பிரவினிடமிருந்து செய்தி வந்தது. மிஷெலை நாளை முதல் செமினிக்கு மாற்றுவதா, பகலுக்குள் பதில் சொல்லுங்கள் சிஸ்டர். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து செமினிக்கு ரயிலும் பஸ்ஸும் மாறிப் போக வேண்டும். ஸ்டோரில் அட்டைப்பெட்டி அடுக்கும் வேலை. மிஷெல் போகமாட்டாள், வேலையை விட்டுவிடுவாள். டோரிஸுக்கு அது தெரியும். பிரவினுக்கும் தெரிந்திருக்கும்.

கோபாலன் வந்து நான்காம் நாற்காலியில் படுத்திருந்தார். வீக்கம் வடிந்து மஞ்சள் தேமலாகியிருந்தது. இன்றைக்குப் பழைய துளையில் போட்டுப் பார்க்க வேண்டும். இன்றும் தவறினால் அந்தப் பாதை போனதுதான்.

டோரிஸ் குளிர்பெட்டியைத் திறந்து ஃப்ளூ ஊசி ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு கவுண்டருக்குப் போனாள். மிஷெல் மாஸ்க்குக்கு மேலே கண்களை உயர்த்தினாள்.

“மிஷெல். போடலாமா?”

அந்த வார்த்தை தன் வாயில் வேறு மாதிரி ஒலித்தது டோரிஸுக்கே கேட்டது. இரவல் வாங்கிய சட்டைபோல.

“வேணாம்னா?” என்றாள் மிஷெல்.

“வேணாம்னா நீ உள்ள வரக்கூடாது. பவுனம்மாள் பக்கத்துல உன்னை விடமாட்டேன். அதுல மாத்தம் இல்ல.”

“அப்ப இது கேள்வியாக்கா?”

டோரிஸ் தட்டைக் கவுண்டர் மேல் வைத்தாள். “கோபாலன் அண்ணனை நீ கேக்கறியே. அவர் வேணாம் வேணாம்னே சொல்லிக்கிட்டிருந்தா செத்துப்போவாரு. கடைசியில போடத்தானே போறே? உன் கேள்வி மட்டும் கேள்வியா?”

மடக்குவதற்காக அவள் கேட்கவில்லை. மிஷெலுக்காவது பதில் தெரிந்திருக்காதா என்ற ஆசையில்தான் கேட்டாள்.

“அதாங்க்கா எனக்கும் தெரியல” என்றாள் மிஷெல். “இங்க சும்மா உக்காந்து அதையேதான் யோசிச்சேன். அவருக்கு வேற வழியில்ல. அதனாலதான் கேக்கறேன்னு நினைச்சேன். அப்படி நினைச்சா, வேற வழியில்லாத என்னை நீங்க கேக்கறதும் கேள்விதான்னு உங்களுக்குத்தான் சாதகமா வருது. அப்புறம் விட்டுட்டேன்.”

“பவுனம்மாளை நினைச்சுப் பாத்தியா?”

“தினமும். அவங்களுக்கு நான்தான் குடுத்தேனோன்னுகூட. ஊசி போட்டிருந்தும்.”

அவள் சட்டைக் கையை மடித்தாள். டோரிஸ் பஞ்சை எடுத்தாள். ஸ்பிரிட் வாசம் வந்தது. இருவரும் அந்தக் கையையே பார்த்தார்கள். டோரிஸ் காத்திருந்தாள். ஒருவர் சம்மதத்துக்காகக் கையில் ஊசியோடு நிற்பது இவ்வளவு சங்கடமானது என்று அவளுக்குத் தெரியாது. எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்வை அலைந்தது. மிஷெல் இதை வாரம் மூன்று முறை செய்திருக்கிறாள்.

மிஷெல் மடித்த கையை மெல்ல இறக்கிவிட்டாள்.

“இன்னிக்கு வேணாங்க்கா.”

டோரிஸ் ஊசியை மறுபடி தட்டில் வைத்தாள். தோற்றுப்போனதுபோல இருந்தது. எதையோ சரியாகச் செய்துவிட்டதுபோலவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக எப்படி இருக்கும் என்று யோசிக்க நேரமில்லை. உள்ளேயிருந்து கோபாலன், “சிஸ்டர், என்னை மறந்துட்டீங்களா, இல்ல சாப்பிடப் போயிட்டீங்களா?” என்று கத்தினார்.

“இங்கயே நில்லு” என்றாள் டோரிஸ் மிஷெலிடம். “கதவுகிட்ட. எனக்குச் சாய்வைச் சொல்லு.”

கண்ணாடிக் கதவு கொஞ்சம் திறந்திருக்க, மிஷெல் வாசலுக்கு வெளியே நின்றாள். டோரிஸ் கையைக் கழுவி, உறை போட்டு, துளையின் மேல் பொருக்கை எடுத்தாள். மிஷெல் காற்றில் தன் விரல்களைச் சாய்த்துக் காட்டினாள்.

“இன்னும் படுக்கவைங்கக்கா. இன்னும் கொஞ்சம். கட்டைவிரல் பக்கம் திருப்புங்க. ஆங்.”

“கதவை மூடு பிள்ளை!” என்றாள் பவுனம்மாள், போர்வையை வாய்மேல் இழுத்துக்கொண்டு.

மிஷெல் ஓரடி பின்னால் போனாள். கதவு இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டது. முழுதாகச் சாத்தவில்லை. டோரிஸ் பவுனம்மாளைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

“போடலாமாண்ணே?”

கோபாலன் மின்விசிறியைப் பார்த்தார். “இருங்க” என்றார்.

டோரிஸ் இருந்தாள்.

அவர் பெருமூச்சு விட்டார். தோள் தளர்ந்தது, கை கனத்தது, தோல் இளகியது. அவள் விரலுக்கடியில் அது நடந்தது. “ம். போடுங்க.”

ஊசி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. குழாயில் சிவப்பு ஏறியது.

“ஆத்தாடி” என்றார் கோபாலன். பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “மிஸ்ஸி! ஒழுங்கா ஊசியப் போட்டுக்கிட்டு உள்ள வந்து சேரு. இந்தம்மாவ நம்பி எத்தன நாளைக்குக் கையைக் குடுக்கறது?”

மிஷெல் சிரித்தாளா என்று மாஸ்க்கால் தெரியவில்லை.

பகலில் டோரிஸ் பிரவினுக்கு எழுதினாள். மிஷெல் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. காரணம் இல்லை. அந்த இரண்டு வார்த்தைகளை அழித்துவிட்டு, காரணம் எனக்குப் புரியவில்லை என்று எழுதினாள். நோயாளிகள் பக்கம் வரமாட்டாள், கவுண்டரில் இருக்கட்டும், செமினி வேண்டாம், நான் தினமும் கேட்கிறேன். அனுப்பியதும் உடனே பதில் வந்தது. எத்தனை நாளைக்கு சிஸ்டர்? டோரிஸ் போனைக் கவிழ்த்து வைத்தாள். பதில் வராவிட்டால் பிரவினே முடிவெடுப்பார். அதுவும் தெரியும்.

மாலையில் இருவரும் ஒரே பெட்டியில் ஏறினார்கள்.

“நாளைக்கும் கேப்பீங்களா?” என்றாள் மிஷெல்.

“கேப்பேன்.”

“சரின்னு சொன்னா, ஜெயிச்சிட்டோம்னு நினைப்பீங்களா?”

டோரிஸ் பொய் சொல்லப் பார்த்தாள். “நினைப்பேனோ என்னவோ” என்றாள்.

மிஷெல் சிரித்தாள். பிறகு ஜன்னலில் தலையைச் சாய்த்து கண்ணை மூடிக்கொண்டாள்.

டோரிஸ் தன் இடது தோளைத் தடவிப் பார்த்தாள். ஊசி போட்ட இடம். வலி எப்போதோ போய்விட்டது. என்னையும்தான் யாரும் கேட்கவில்லை என்று தோன்றியது. கேட்டிருந்தால்? சரி என்றுதான் சொல்லியிருப்பேன். நிச்சயமாகச் சொல்லியிருப்பேன். சுபாங் ஜெயா தாண்டும்போது அப்படி நினைத்தாள். பெட்டாலிங்கிலும் அதையே நினைத்தாள். அங்காசாபுரியில் கதவு திறந்து மூடியபோதும் அவள் அதையேதான் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். இவ்வளவு நிச்சயமான ஒன்றை ஏன் இத்தனை தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று மட்டும் அவளுக்கு விளங்கவில்லை.